சிறு வருவாயும் பெருநகரும்

பெருநகரில் வாழ்வது வேறு; பெருநகரை அனுபவிப்பது வேறு. முன்னதற்கு ஓர் உத்தியோகம் போதும். பின்னதற்குப் பெரும்பொருள் வேண்டும் என்று நம்மிற் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். நானும் அவ்வாறு எண்ணியிருந்தவனே. அந்த எண்ணம் பிழை என்பதை எனக்கு உணர்த்தியவர் என் தாயார். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளன். தில்லிக்கு வந்த புதிதில், கும்பகோணத்தை அடுத்த எங்கள் சிற்றூரிலிருந்து தாயார் வந்து இரண்டு மாதம் எங்களுடன் தங்கினார். வீட்டு வாடகை, குழந்தையின் பள்ளிக் கட்டணம், ஊருக்கு அனுப்பும் பணம் ஆகிய மூன்றும் போகச் சம்பளத்தில் மிஞ்சுவது சொற்பம். "அடுத்த மாதம் ஒரு வண்டி அமர்த்திக்கொண்டு எல்லா இடங்களையும் பார்த்து வருவோம், அம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அடுத்த மாதம் வந்தது. அவர் ஊர் திரும்பும் நாளும் வந்தது. வண்டி மட்டும் வரவில்லை.

மறு ஆண்டு விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தபோது அண்டை வீட்டு அம்மாள் ஒருவர் சொன்னார்: "தில்லி எப்படி இருக்கிறதென்று உன் அம்மாவைக் கேட்டேன், தம்பி. மாடியில் நின்றால் ரயில் போவது நன்றாகத் தெரியும் என்றார்." அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. என் தாயாரும் குறையாகச் சொல்லியிருக்கமாட்டார். ஆயினும் நான் தலைகுனிந்தேன். அதன்பின் அவருக்கு முழங்கால் வலி முற்றி, நெடும்பயணம் இயலாமற் போயிற்று.

திரும்பி வந்ததும் நானும் என் மனைவியும் ஒரு விதி வகுத்துக்கொண்டோம். மாதந்தோறும் முதல் ஞாயிற்றுக்கிழமை நகருக்கு உரியது. இன்று நாங்கள் நால்வர். ஒரு நாளைச் செலவு 500 ரூபாயைத் தாண்டலாகாது. ஒரு நாளில் ஓர் இடமே. இந்த விதியைப் பல ஆண்டுகளாகக் கைக்கொண்டு வருகிறோம். அதனால் நான் கண்டறிந்த முதல் உண்மை இது: ஒரு தலைநகரின் சிறந்த செல்வங்களுட் பல, எவரிடமும் காசு கேட்பதில்லை.

லோதி தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. புல்வெளிகளின் நடுவே 15, 16-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த கல்லறை மாளிகைகள் நிற்கின்றன. 1517-இல் மறைந்த சிக்கந்தர் லோதியின் எண்கோணக் கல்லறையும் அங்கேதான் உள்ளது. இக்கட்டடங்களைச் சூழ ஒரு கிராமமே இருந்தது. அதன் மக்களை வேறிடத்திற்கு அகற்றிவிட்டு 1936-இல் தோட்டம் அமைத்தார்கள். இதைக் கேட்ட என் மகள், "அந்த ஊர்க்காரர்கள் எங்கே போனார்கள், அப்பா?" என்றாள். வரலாறு என்பது அரசர் கதை மட்டுமன்று என்பதைப் பாடப்புத்தகம் இன்றியே அவள் உணர்ந்துகொண்டாள்.

காந்தியடிகள் தம் இறுதி 144 நாட்களைக் கழித்த பிர்லா இல்லம், இன்று காந்தி ஸ்மிருதி என்னும் நினைவகமாக விளங்குகிறது. அங்கும் கட்டணமில்லை, திங்கட்கிழமை விடுமுறை. 1948 ஜனவரி 30 அன்று அவர் பிரார்த்தனைக்கு நடந்த பாதையில் காலடிச் சுவடுகளைப் பதித்து வைத்திருக்கிறார்கள். அவற்றை ஒட்டி நடந்த என் சிறு மகன், சுவடுகள் நின்றுபோன இடத்தில் தானும் பேச்சற்று நின்றான். இந்தியா கேட்டின் அருகே 2019-இல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தில் உயிர்நீத்த வீரர்களின் பெயர்கள் கருங்கற்களில் வரிசை வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நம் பக்கத்துப் பெயர்களைத் தேடிப் படித்துக்கொண்டே நடந்தால் ஒரு மாலைப்பொழுது போதாது.

பயணச் செலவைப் பற்றிச் சிலருக்கு ஐயம் எழலாம். மெட்ரோ ரயிலில் ஞாயிற்றுக்கிழமைகளிலும் தேசிய விடுமுறை நாட்களிலும் கட்டணம் குறைவு. பயண அட்டை வைத்திருப்போருக்கு மேலும் தள்ளுபடி உண்டு. தில்லி நகரப் பேருந்துகளில் பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் 2019 அக்டோபரில் தொடங்கிற்று. அதற்குரிய சீட்டு, அட்டை விதிகளை மட்டும் புறப்படுமுன் கேட்டறிந்துகொள்ளல் நலம். தொல்லியல் துறையின் கட்டணச் சின்னங்களிற்கூட 15 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குச் சீட்டு வேண்டியதில்லை. ஆகவே ஹுமாயூன் கல்லறையைப் பார்க்கவும் பெற்றோர் இருவருக்குச் சீட்டு வாங்கினால் போதும்.

உணவுக்கு என் மனைவியின் புளியோதரையும் தயிர்ச்சாதமும் துணை. ஒரு முறை மட்டும் வேறு விதமாக உண்டோம். பங்களா சாகிப் குருத்வாராவில் சாதி, மதம், செல்வம் எதையும் கேளாமல் எல்லோரையும் தரையில் ஒரே வரிசையில் அமர்த்தி உணவளிக்கிறார்கள். செலவை மிச்சப்படுத்தும் வழியாக அதைக் கருதலாகாது. நாங்கள் தலையை மூடிக்கொண்டு முதலில் சமையற்கூடத்திற்குச் சென்று ரொட்டி தேய்க்க உதவினோம். பிறகே பந்தியில் அமர்ந்தோம். என் குழந்தைகள் தேய்த்த ரொட்டிகள் வட்டமாக இல்லை. எவரும் அதைக் குறை சொல்லவுமில்லை.

புத்தகப் பிரியர்களுக்கு ஒரு சொல். தரியாகஞ்ச் நடைபாதையில் நெடுங்காலம் நடந்துவந்த ஞாயிற்றுக்கிழமைப் பழைய புத்தகச் சந்தை, 2019-இல் அருகிலுள்ள மகிளா ஹாட் திடலுக்கு மாறியது. பையில் நூறு ரூபாய் மட்டும் வைத்துக்கொண்டு போவது உத்தமம். மிகுதியாக வைத்திருந்தால் மிகுதியாகச் செலவாகும். இது என் அனுபவம்.

பருவத்தையும் அறிந்து புறப்பட வேண்டும். மே, ஜூன் வெயிலில் அதிகாலையன்றி வேறு நேரம் உதவாது. நவம்பரையொட்டிய வாரங்களில் காற்று மாசுபட்டிருக்கும்; முதியோரையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்லுமுன் அன்றைய காற்றுத்தர அறிவிப்பைப் பாருங்கள். பிப்ரவரியும் மார்ச்சும் பொன்னான மாதங்கள். ஊரிலிருந்து பெற்றோரை வரவழைப்பதாயின் அப்போது வரவழையுங்கள்.

இவற்றையெல்லாம்விட எனக்கு மகிழ்ச்சி தந்தவை புதுதில்லியின் சாலை மரங்கள். நகரை அமைத்தவர்கள் சாலைக்கொரு மரமாகத் தேர்ந்து நட்டார்கள். அசோகா சாலையில் நாவல். மழைக்காலத் தொடக்கத்தில் கனிகள் உதிர்ந்து நடைபாதை ஊதா நிறமாகிவிடும். அக்பர் சாலையில் புளி. ஜன்பத்தில், இங்குள்ளோர் 'அர்ஜுன்' என்று அழைக்கும் மரம். பல ஆண்டுகள் அதன் நிழலில் நடந்து அலுவலகம் சென்றிருக்கிறேன். அந்தச் சொல்லைக் கோப்புகளில் மொழிபெயர்க்க நேர்ந்திருந்தால் உடனே அகராதியைப் பார்த்திருப்பேன். மரத்தைப் பார்க்கத்தான் நேரமில்லை. ஒரு ஞாயிறன்று அதன் வெண்மை படர்ந்த வழவழப்பான பட்டையைத் தொட்டுப் பார்த்தபோதே விளங்கிற்று: அது மருதம். நம் இலக்கியத்தில் வயல்சார் நிலத்திற்கே பெயர் தந்த மரம். எங்கள் ஊர் ஆற்றங்கரையில் நிற்கும் அதே மரம். அச்சாலையிலுள்ள தேசிய அருங்காட்சியகத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகள் இருக்கின்றன. சிறு கட்டணம் செலுத்தி அவற்றையும் கண்டோம். அன்று முழுவதும் தில்லி எனக்கு அயலூராகத் தோன்றவில்லை.

நான் தில்லியைச் சொன்னேன். நீங்கள் வாழும் நகரை நீங்கள் அறிவீர்கள். கொல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றுப் படகு, மும்பையில் மெரீன் டிரைவ் கடற்கரை, பெங்களூரில் கப்பன் பூங்கா என்று ஒவ்வொரு நகரிலும் எளியோருக்கென ஒரு வாயில் திறந்தே இருக்கிறது. உள்ளே செல்லத் தேவை மூன்றுதான்: ஒரு நாளைக் குறித்துவைத்தல், செல்லும் இடத்தைப் பற்றி முன்பே சிறிது படித்தல், அவ்வூர் மொழியில் நாலு வார்த்தை பேசி வழி கேட்கத் தயங்காதிருத்தல்.

அன்றிரவு என் மகள் தொலைபேசியில் பாட்டியிடம் மருதமரச் செய்தியைச் சொன்னாள். "நம் ஆற்றங்கரை மரமா? அங்கேயும் இருக்கிறதா?" என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் இரண்டு மாதம் தங்கியிருந்த வீட்டிலிருந்து அந்த மரம் பேருந்தில் அரை மணி நேரப் பயணம். அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

பணம் சேரட்டும் என்று நகரைத் தள்ளிப்போடலாம், அது காத்திருக்கும். நம்முடன் அதைக் காண வேண்டியவர்கள் காத்திருப்பார்கள் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமையே புறப்படுங்கள்.