தொப்பிக்கு மிடுக்கு தருவது தலைதான்!



"ஆணுக்கு மிடுக்கைத் தருவது அணியும் பொருளா, அணிகின்ற ஆளா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய தம்பி தொப்பியை எடுத்துக்கிட்டார். "வெறுந்தலையோட நின்னா அவன் சாதாரண ஆளு. ஒரு நல்ல கம்பெனித் தொப்பியைத் தலையில வைங்க, அவன் துரை!" என்று சொல்லிக் கைதட்டலும் வாங்கிட்டுப் போயிட்டார். தம்பி, நீங்க எடுத்த தொப்பியை வைத்தே நான் பதில் சொல்கிறேன்.

இலண்டனிலே லாக் என்று ஒரு தொப்பிக் கடை. 1676-லிருந்து நடக்கிற கடை. 1849-லே ஒரு பிரபுக் குடும்பத்துக்காரர் அங்கே வந்தார். "என் தோட்டக்காட்டைக் காவல் காக்கிற ஆளுங்க குதிரையிலே போறாங்க. உயரமான தொப்பி மரக்கிளையில இடிச்சு விழுந்துடுது. தாழ்வா, உருண்டையா, கெட்டியா ஒண்ணு செஞ்சு கொடுங்க" என்றார். செய்து கொடுத்தார்கள். அவர் அதைத் தரையிலே போட்டு ரெண்டு மிதி மிதிச்சுப் பார்த்துட்டுத்தான் வாங்கினார்னு சொல்வாங்க. (சிரிப்பு) அதுதான் பௌலர் தொப்பி.

காவல்காரனுக்காகச் செய்த அந்தத் தொப்பியைப் பின்னாலே யார் போட்டார்கள்? இலண்டன் வங்கி அதிகாரிகள் போட்டார்கள். பொலிவியா நாட்டிலே மலைநாட்டுப் பெண்கள், ரெட்டைச் சடை பின்னி, அதற்கு மேலே அதை வைத்துக்கொண்டு இன்றைக்கும் சந்தைக்குப் போகிறார்கள். 1914-லே சார்லி சாப்ளின் அதை எடுத்துத் தலையிலே வைத்தார். ஒரு ஏழை நாடோடியாக உலகத்தையே சிரிக்கவும் அழவும் வைத்தார்.

நடுவர் அவர்களே, தொப்பி ஒண்ணுதான். காவல்காரன் தலையிலே அது பாதுகாப்பு. வங்கி அதிகாரி தலையிலே கௌரவம். அந்தத் தாயின் தலையிலே அழகு. சாப்ளின் தலையிலே அது மனிதாபிமானம்! மிடுக்கு தொப்பியிலே இருந்திருந்தால் நாலு தலையிலும் ஒரே அர்த்தம்தானே வந்திருக்கணும்? (கைதட்டல்)

தம்பி இன்னொன்றும் சொன்னார். "அந்தக் காலத்துல அமெரிக்காவுல தொப்பி இல்லாம யாரும் தெருவுல இறங்கமாட்டாங்க, என்ன கம்பீரம்!" என்றார். பணக்காரனுக்கு உயரமான பட்டுத் தொப்பி, குமாஸ்தாவுக்குப் பௌலர், தொழிலாளிக்குத் தட்டைத் தொப்பி. இதுக்குப் பேரு கம்பீரமா? நீ எந்த வகுப்பு என்று தலையிலே ஒட்டி அனுப்பின அடையாளச் சீட்டய்யா அது!

அந்தக் கட்டாயம் மெல்ல மெல்லப் போச்சு. ஜனாதிபதி கென்னடி தொப்பி போடாமல் பதவி ஏற்றதாலேதான் இந்த வியாபாரமே படுத்துவிட்டது என்று ஒரு கதை உண்டு. 1961 ஜனவரி 20-ஆம் தேதி அவர் பட்டுத் தொப்பியோடுதான் வந்தார். பேசும்போது கழற்றி வைத்தார், அவ்வளவுதான். வியாபாரம் அதற்கு முன்னாலேயே சரிய ஆரம்பித்தாச்சு. ஊரெல்லாம் கார் வந்தது, காரின் கூரை தாழ்ந்தது. தலைக்கும் கூரைக்கும் நடுவிலே தொப்பிக்கு ஏது இடம்?

கட்டாயம் போன பிறகுதான் விருப்பம் பிறந்தது. 1996-லே ஸ்பைக் லீ என்ற திரைப்பட இயக்குநர், நியூயார்க் யாங்கீஸ் என்கிற பேஸ்பால் அணியின் ரசிகர். அந்த அணியின் தொப்பி கருநீலம். அவர் நியூ எரா கம்பெனியைக் கூப்பிட்டு, "எனக்குச் சிவப்பிலே ஒண்ணு வேணும்" என்றார். அணியின் சம்மதத்தோடு செய்து கொடுத்தார்கள். இன்றைக்குக் கடைக்குப் போனால் எத்தனை நிறத்திலே தொங்குகிறது பாருங்க! தொப்பி ஆளை மாத்தலை. ஓர் ஆள் தொப்பிக் கடையையே மாத்தினார்!

கம்பெனிப் பெயரிலே மயங்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்லணும். இத்தாலியிலே 1857-லே தொடங்கிய போர்சலினோ, உலகப் புகழ் பெற்ற தொப்பிக் கம்பெனி. 2017 டிசம்பரிலே நீதிமன்றம் அதைத் திவால் என்று அறிவித்தது. அடுத்த வருஷம் வேறொருவர் கைக்குப் போய்த்தான் பிழைத்தது. பெயருக்கே மிடுக்குத் தருகிற சக்தி இருந்தால், அது முதல்லே தன்னைக் காப்பாத்திக்கிட்டிருக்க வேண்டாமா? (சிரிப்பு)

பனாமா தொப்பி பனாமாவில் செய்கிறதே இல்லை, தெரியுமா? ஈக்வடார் நாட்டிலே, ஓலையை நூலாகக் கிழித்துக் கையாலே பின்னுகிறார்கள். மிக நயமான ஒன்றைப் பின்ன மாதக்கணக்காகும். 2012-லே யுனெஸ்கோ அந்தக் கைவேலையை மனித குலத்தின் பாரம்பரியம் என்று பட்டியலிலே சேர்த்தது. ஊர்ப்பெயர் தப்பாக இருந்தும் தொப்பிக்கு மதிப்பு குறையவில்லையே, ஏன்? பின்னிய கை அசல்! தொப்பிக்குப் பின்னாலேயும் ஓர் ஆள், தொப்பிக்குக் கீழேயும் ஓர் ஆள்.

இவ்வளவு தூரம் போவானேன்? ஒரு வெள்ளைத் தொப்பி, ஒரு கறுப்புக் கண்ணாடி, இந்த ரெண்டை மட்டும் வரைந்து காட்டுங்கள். பச்சைக் குழந்தைகூட "எம்.ஜி.ஆர்.!" என்று சொல்லும். அதே தொப்பியை நான் போட்டால், "ஏன் சார், தலையில காயமா?" என்றுதான் கேட்பீர்கள். (சிரிப்பு, கைதட்டல்)

இதை நான் வெறும் வாதத்துக்காகச் சொல்லவில்லை. இன்றைக்கு வீட்டுக்கு வீடு ஒரு பிள்ளை, கம்பெனி முத்திரை போட்ட தொப்பி இல்லையென்றால் நண்பர்கள் நடுவிலே தான் குறைந்தவன் என்று நினைக்கிறான். அப்பா கடன் வாங்கியாவது வாங்கித் தருகிறார். நம்ம ஊர்லே "குல்லா போட்டுட்டான்" என்றால் என்ன அர்த்தம்? ஏமாத்திட்டான் என்று அர்த்தம்! விளம்பரம் பிள்ளைக்கு ஒரு குல்லா, அப்பாவுக்கு ஒரு குல்லா, ரெண்டையும் போடுது.

தொப்பி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெயிலுக்கு வேணும், ஆசைக்கும் வேணும். காதுக்குச் சற்று மேலே, நெற்றியைச் சுற்றி நாடா வைத்து அளந்து, கண்ணாடியிலே பார்த்து, உங்கள் முகத்துக்குப் பொருந்தினதை வாங்குங்கள். முத்திரையைக் கடைசியிலே பாருங்கள்.

மருத்துவமனையிலே, சிகிச்சையாலே முடியெல்லாம் கொட்டிப் போன ஒருவர், சாதாரணப் பருத்திக் குல்லாயைப் போட்டுக்கொண்டு, பார்க்க வந்தவர்களுக்கு அவரே தைரியம் சொல்லி அனுப்புகிறாரே, அதற்கு எந்தக் கம்பெனி முத்திரை போட முடியும்? அந்த மிடுக்கு எந்தக் கடையிலே கிடைக்கும்?

ஆகவே நடுவர் அவர்களே, மிடுக்கைத் தருவது அணிகின்ற ஆளே, ஆளே என்று தீர்ப்பளிக்குமாறு கேட்டு அமர்கிறேன்.