சேலத்தார் கேட்ட கேள்வி



சேலம் என்றவுடன் மாம்பழத்தையும் இரும்பையும் நினைப்பார் பலர். மொழிஞாயிறு பாவாணர் 1944 முதல் 1956 வரை பன்னீராண்டு நகராட்சிக் கல்லூரியில் தமிழ் பயிற்றிய ஊர் அது என்பது இவ்வவைக்கு நினைவூட்ட வேண்டாதது. ஆனால், அதற்கும் அறுபதாண்டுகட்கு முன்னரே சேலத்துக்காரர் ஒருவர் கேட்ட கேள்வியால் தமிழ் பிழைத்தது என்பதை எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே.

1880ஆம் ஆண்டு அத்தோபர் 21, வியாழக்கிழமை. குடந்தையில் முறைமன்ற நடுவராய் வந்தமர்ந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார், கல்லூரித் தமிழாசிரியர் உ.வே. சாமிநாதையர். என்னென்ன படித்திருக்கிறீர் என்று முதலியார் வினவினார். மீனாட்சிசுந்தரனாரிடம் பாடங்கேட்ட செம்மாப்போடு அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று ஐயர் அடுக்கினார். முதலியார் முகம் மலரவில்லை. இவற்றால் என்ன பயன் என்றார். சிந்தாமணி படித்ததுண்டா? மணிமேகலை? சிலப்பதிகாரம்? ஐயர் அவற்றைப் படித்ததில்லை. அவர்தம் ஆசிரியரும் பாடஞ்சொன்னதில்லை. ஒரு மொழியின் பெரும்புலவர் குழாம் அம்மொழியின் பெருநூல்களையே அறியாதிருந்த இழிநிலை அது! வடமொழிப் புராணங்களைத் தமிழில் பெயர்த்துப் பாடுவதே புலமையென்று நம்பிக் கிடந்ததன் விளைவு வேறு எப்படியிருக்கும்?

முதலியார் இகழ்ந்ததோடு நில்லாமல் தம்மிடமிருந்த சிந்தாமணிக் கையெழுத்துப் படியையும் கொடுத்தார். இதுதான் இங்குக் கருதத்தக்கது. நல்ல நூல் ஒன்று உண்டென்று வாயளவில் சொல்வார் எங்குமுளர்; நூலையும் கையில் வைத்துப் படியென்பார் அரியர்.

படித்துப் பார்த்த சைவ மரபினர்க்குச் செய்தி விளங்கவில்லை. அது சமணக் காப்பியம். நச்சினார்க்கினியர் உரையிருந்தும் சமணக் கோட்பாடும் வழக்கும் பிடிபடவில்லை. ஐயர் குடந்தைச் சமணர் இல்லங்களைத் தேடிச் சென்றார். அங்கு அந்நூல் ஏடாய் உறங்கவில்லை, ஓதப்பெற்று வந்தது. சந்திரநாதச் செட்டியார் போன்றோர் ஐயந்தீர்த்தனர். சிந்தாமணியில் சோழன் கொண்ட வேட்கையைத் தணிக்கவே பெரியபுராணம் எழுந்ததென்பது சைவர் வழிவழிச் சொல்லிவரும் கதை. அச்சைவர்வழி வந்தவர் சமணர் திண்ணையில் மாணவராய் அமர்ந்தார். சைவன் சமண நூலை அச்சிடுவதா என்று முணுமுணுத்தாரும் இருந்தனர். அவர்க்கு விடையாய் 1887இல் நூலே வெளிவந்தது. பின் 1892இல் சிலம்பும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் அடுத்தடுத்து அச்சேறின. மணிமேகலையின் புத்தக் கோட்பாட்டை விளக்கியவர், மேனாட்டார் ஆங்கிலத்தில் எழுதிய நூல்களைக் கற்றிருந்த மளூர் அரங்காசாரியார். பாரிசிலிருந்து தமிழறிஞர் சூலியன் வின்சோன் மடல் விடுத்து நூற்செய்தி பகிர்ந்தார். தமிழகத்துப் புலவர் பாராமுகமாய் விட்டதைப் பிரெஞ்சுக்காரர் ஆவலுடன் கேட்டறிந்தார் என்பது மகிழ்வதற்கும் நாணுவதற்கும் உரியது.

(அத்துணைத் தொண்டு செய்தவர் தம் வாழ்க்கை வரலாற்றுக்கு ‘என் சரித்திரம்’ என்று பெயரிட்டதை மட்டும் தனித்தமிழன்பர் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.)

குறளின் செலவும் இத்தகையதே. கிரால் என்னும் செருமானியர் 1856இல் அதனைத் தம் மொழியிற் பெயர்த்தார். 1908இல் உருசிய அறிஞர் தால்சுதாய் இந்தியர் ஒருவர்க்கு எழுதிய மடலில் குறட் கருத்துகளை எடுத்துக் காட்டினார். அம்மடலைக் காந்தியார் தென்னாப்பிரிக்காவில் அச்சிட்டுப் பரப்பினார். வள்ளுவன் குமரியிலிருந்து குசராத்தியரிடம் போக உருசியாவைச் சுற்ற வேண்டியிருந்தது! அயலிலே வாழும் கன்னடர்க்கும் மராட்டியர்க்கும் தமிழர் தாமே எத்தனை நூல்களை நீட்டினர்?

சேலம், நாமக்கல் வட்டாரங்களிலோ தெலுங்கும் கன்னடமும் உருதும் வீட்டுமொழியாய் உடையார் தமிழரோடு ஒரே தெருவில் வாழ்கின்றனர். அவர் வீட்டில் ஓதப்படுவது யாதென்று தமிழன் கேட்டதுமில்லை; தன் வீட்டுச் சிலம்பை அவரிடம் கொடுத்ததுமில்லை. தன்மொழியைத் தூய்மையாய்ப் போற்றுதல் வேறு. கதவடைத்துக் கிடத்தல் வேறு. குடந்தைச் சமணர் கதவடைத்திருந்தால் சிந்தாமணி விளங்கியிராது.

கேளாமல் விட்டதன் இழப்புக்குச் சான்று அருகிலேயே உண்டு. கொங்குநாட்டு விசயமங்கலத்தைச் சார்ந்தவர் எனப்படும் கொங்குவேளிர் யாத்த பெருங்கதையும் சமணப் பெருநூலே. அது 1924இல்தான் அச்சேறியது. அதற்குள் அதன் தொடக்கமும் முடிவும் அழிந்துபோயின, இன்றளவும் கிடைத்தில.