தனிமனிதர் பத்திரங்களும் வரலாறும்
(எமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



வரலாறு என்றவுடன் அரசரும் போர்களுமே எம் நினைவுக்கு வருகின்றனர். அவற்றை எழுத அரசாங்கப் பதிவேடுகள் உண்டு. ஒரு வியாபாரியின் மேசையறையிற் கிடக்கும் கடிதங்களும், ஒரு படை அதிகாரியின் பழைய பெட்டியிலுள்ள பத்திரங்களும் வரலாறாகுமோ? ஆகும் என்பதே எமது துணிபு. இதனை இரண்டாம் உலக மகாயுத்த காலத்தில் ஐரோப்பாவிற் பணிபுரிந்த மூவரைக்கொண்டு விளக்க முற்படுகின்றோம். ஒருவர் வியாபாரியாயிருந்து கௌரவ கொன்சலானவர். மற்றொருவர் படையிற் கேணலாயிருந்து கொன்சலானவர். மூன்றாமவர் அக் கேணலுக்குத் துணைநின்ற வியாபாரி.

கௌரவ கொன்சல் என்பவர் சம்பளம் பெறும் இராசதந்திரி அல்லர். ஒரு நகரத்திலே தம் தொழிலைச் செய்துகொண்டு, ஓர் அரசின் வேண்டுகோளுக்கிணங்கி அதன் பிரசைகளுக்கு உதவுபவர். பெரும்பாலும் அவரது வியாபாரக் கந்தோரே கொன்சல் கந்தோருமாகும். ஆகவே உத்தியோகப் பத்திரமும் சொந்தப் பத்திரமும் ஒரே அலுமாரியிற் கலந்து கிடப்பது இயல்பு.

லித்துவேனியாவிலே கௌனாஸ் நகரில், பிலிப்ஸ் கம்பெனியின் பிரதிநிதியாக வானொலிப்பெட்டி விற்றுவந்தவர் யான் சுவார்ட்டன்டைக் என்னும் ஒல்லாந்தர். 1940ஆம் ஆண்டு யூன் மாதத்தில், ரீகா நகரிலிருந்த ஒல்லாந்த தூதுவர் டி டெக்கர் இவரைப் பதிற் கொன்சலாக நியமித்தார். அப்பொழுது போலந்திலிருந்து தப்பிவந்த யூதர்கள் அந்நகரிற் போக்கிடமின்றித் தவித்தனர். ஒல்லாந்தருக்குரிய கியூரசாவோ தீவுக்குச் செல்ல விசா வேண்டியதில்லை என்று அவர்களுடைய கடவுச்சீட்டுகளில் இவர் எழுதிக்கொடுத்தார். அத்தீவில் இறங்குவதற்கு ஆள்பதியின் அனுமதி வேண்டும் என்பது மறுபாதி விதி. அந்த மறுபாதியைத் தூதுவரும் எழுதவில்லை, கொன்சலும் எழுதவில்லை. யூலை 24 முதல் ஓகஸ்ட் 3 வரை 2,000க்கு மேற்பட்டோருக்கு இவ்வாறு எழுதப்பட்டது. இக்குறிப்பைக் கொண்டே யப்பானிய கொன்சல் சியுனே சுகிஹாரா அவர்களுட் பலருக்கு யப்பானூடாகச் செல்லும் விசா வழங்கினார். அவர்கள் சைபீரியாவைக் கடந்து யப்பானை அடைந்தனர். பின்னர்ப் பலர் சங்காய் சென்று உயிர்தப்பினர். கியூரசாவோவைக் காண அவர்கள் போகவில்லை.

சோவியத் ஆட்சி கொன்சல் கந்தோர்களை மூடுவித்தது. சுவார்ட்டன்டைக் தம் கொன்சல் பத்திரங்களைத் தீயிலிட்டார். அவர் திரும்ப வேண்டிய தாய்நாடோ ஜேர்மானியர் வசமாயிருந்தது. அப்பத்திரங்கள் பகைவர் கையிற் சிக்கின் என்னாகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? எரித்தது தக்கதே. ஆயினும் அதன் விளைவைப் பாருங்கள். உயிர்தப்பியோரிற் பலருக்கு அவர் பெயரே தெரியாது. “பிலிப்ஸ் வானொலிக்காரர்” என்றே அவரை நினைவுகூர்ந்தனர். சுகிஹாரா அனுப்பிய 2,139 பெயர்கொண்ட பட்டியல் யப்பானிய வெளிநாட்டமைச்சிலே பேணப்பட்டிருந்தது. சுகிஹாராவுக்கு இஸ்ரேலின் யாட் வாஷெம் நிறுவனம் 1984இற் கௌரவம் அளித்தது. சுவார்ட்டன்டைக்குக்கு 1997இலேதான் அது கிடைத்தது. அவர் 1976இலேயே காலமாகிவிட்டார். அவர் செய்த உபகாரம் அகதிகள் போற்றிவைத்த கடவுச்சீட்டுகளிலிருந்து, அதாவது பிறருடைய பத்திரங்களிலிருந்தே துலங்கிற்று.

இனி ஜெனீவாவுக்கு வருவோம். அங்கே எல் சல்வடோர் நாட்டின் கொன்சலாயிருந்தவர் கேணல் ஹொசே ஆர்த்துரோ காஸ்டெயானோஸ். ஜோர்ஜ் மண்டெல் என்னும் யூத வியாபாரிக்கு மண்டெல்லோ எனப் பெயரிட்டு, தம் கந்தோரின் முதற் செயலாளர் என்ற பதவியும் கொடுத்தார். இருவருமாக, எல் சல்வடோரைக் கண்டிராத ஆயிரக்கணக்கான யூதருக்கு அந்நாட்டுப் பிரசாவுரிமைச் சான்றிதழ்களை வழங்கினர். பணம் பெறவில்லை. ஒவ்வொன்றிலும் உரியவரின் புகைப்படம் ஒட்டப்பட்டிருந்தது. நொத்தாரிசு உறுதிசெய்த பிரதிகளே பல நாடுகளுக்கும் அனுப்பப்பட்டன.

மண்டெல்லோ ஒரு தொகையைப் பத்திரப்படுத்தியிருந்தார். ஆயிரத்துக்கு மேற்பட்ட சான்றிதழ்கள் பிற்காலத்தில் ஜெனீவாவில் ஒரு கைப்பெட்டியிற் கிடைத்தன. அவரது மகன் அவற்றை வாஷிங்டனிலுள்ள யூதப் படுகொலை ஞாபகார்த்த நூதனசாலைக்கு ஒப்படைத்தார். காஸ்டெயானோசுக்கு 2010இற் கௌரவம் கிடைத்தது. அவரும் 1977இற் காலமானவரே.

அப்பெட்டியிலுள்ள முகங்கள் யாவும் பிழைத்தவர்களின் முகங்கள் என எண்ணற்க. பல சான்றிதழ்கள் காலந்தாழ்த்தியே போய்ச் சேர்ந்தன. பெற்றோரும் பிள்ளைகளுமாய் நின்று எடுத்த படம் இருக்கின்றது. படத்திலுள்ளவர்களோ கொலைக்களத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டுவிட்டனர். மண்டெல்லோவின் சொந்தப் பெற்றோருக்கும் அக்கதியே நேர்ந்தது. மாண்டவர்களுள் எத்தனையோ பேருக்குக் கல்லறை இல்லை. இப்பிரதியேனும் இவர் இருந்தார், இன்ன பெயரினர், இன்ன ஊரினர் என்று சாட்சி சொல்கின்றது. பத்திரம் பேணுதல் பெரியவரின் புகழுக்காக மட்டுமன்று என்பது இதனாற் பெறப்படும்.

சொந்தக் கடிதங்களை அந்நியர் வாசிப்பது முறையோ எனப் பெரியோர் சிலர் வினவலாம். வினா நியாயமானதே. அதற்கும் வழியுண்டு. இத்தனை வருடம் திறக்கலாகாது என்ற நிபந்தனையோடு பத்திரங்களை நூல்நிலையங்களிடம் ஒப்படைக்கும் வழக்கம் பல நாடுகளிலுமுண்டு. மறைத்து வைத்ததை ஒருநாள் திறக்கலாம். எரித்ததைத் திறக்க முடியாது.

இளைஞர்களே, எம் வீடுகளிலும் பாட்டனாரின் றங்குப்பெட்டிகள் உள. கடைக்கணக்கு, உத்தியோகக் கடிதம், பெயரெழுதாத புகைப்படம் எனப் பலவும் அவற்றுட் கிடக்கும். கறையானுக்கு இரையாகுமுன் அவற்றை எடுத்துப் பாருங்கள். கட்டிய கட்டைக் குலைக்காதீர்கள். எதனோடு எது இருந்தது என்பதும் ஒரு செய்தியே. புகைப்படத்தின் பின்புறத்தில் யார், எங்கே, எந்த ஆண்டு என்பதை மென்மையாகப் பென்சிலால் எழுதிவையுங்கள். பெரியோர்களே, அவற்றைச் சொல்லத்தக்கவர்கள் நீங்களே. நீங்கள் இருக்கும்பொழுதே சொல்லி உதவுங்கள்.