காற்றிலிருந்து பிறந்த காதற்கதை



காதற்கதை எழுதுகின்ற நாவலாசிரியர் எங்ஙனம் எழுதுகிறார் என்று கேட்டால், நம்மிற் பலர் மனத்தில் ஒரே சித்திரந்தான் தோன்றும். நிலவொளி, திறந்த சாளரம், கன்னத்திற் கையூன்றிக் கற்பனையில் ஆழ்ந்திருக்கும் ஓர் இளைஞர். உள்ளத்தில் ஏக்கம் இருந்தாற் போதும், கதை தானே ஊறிவரும் என்பது நமது எண்ணம்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட எழுத்தாளர் இச்சித்திரத்துக்குள் அடங்காதவர். அவர் புவியியல் கற்றவர். அரசாங்க நிருவாக சேவையிற் பணியாற்றியவர். மாணவர்களுக்குப் பாடநூல்கள் எழுதியவர். அவரது புகழ்பெற்ற காதல் நாவலுக்கு நிலவின் பெயர் இல்லை. ஒரு காற்றின் பெயரே இருக்கிறது. நாவல் ‘வாடைக்காற்று’, எழுதியவர் செங்கை ஆழியான், கதை நிகழும் களம் எங்கள் நெடுந்தீவு.

நான் நெடுந்தீவிலே பிறந்தவன். என் வயதினர் ‘க. குணராசா’ என்ற பெயரை முதன்முதலிற் கண்டது புவியியல் நூலொன்றின் அட்டையிலேதான். பருவக்காற்று எத்திசையிலிருந்து வீசுகிறது, மழை எம்மாதத்திற் பெய்கிறது என்பவற்றை அந்நூலிலே மனனஞ் செய்து பரீட்சைக்குச் சென்றோம். பதினைந்து வயதளவில், செய்தித்தாளால் அட்டை போட்ட நாவலொன்று நண்பர்களிடையே கைமாறி என்னிடம் வந்து சேர்ந்தது. பெரியவர்கள் காணாவண்ணம் கல்வேலி ஓரத்தில் அமர்ந்து அதனைப் படித்தேன். படித்து முடித்த பின்னர்தான், புவியியல் நூலை எழுதிய குணராசாவும் காதற்கதை எழுதிய செங்கை ஆழியானும் ஒருவரே என்பதை ஒரு நண்பன் சொல்லி அறிந்தேன். அன்று எனக்கு உண்டான வியப்பு பெரிது. பாடநூலிலே படித்த அதே காற்று, நாவலிலே ஒரு பெண்ணின் கூந்தலைக் கலைத்துக்கொண்டு வீசிற்று!

செங்கை ஆழியான் 1941 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திற் பிறந்தவர். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் பின்னர்ப் பேராதனைப் பல்கலைக்கழகத்திலும் கற்றார். 1960களின் தொடக்கத்திலே, மாணவராயிருந்தபோதே, செம்பியன் செல்வன் முதலிய நண்பர்களுடன் கூடிச் சிறுகதை முயற்சிகளில் ஈடுபட்டார். பின்னர் அரச பணியின் நிமித்தம் பல பிரதேசங்களிலும் கடமையாற்றினார். 2016 ஆம் ஆண்டு மறையும்வரை நாவல், சிறுகதை, வரலாறு, புவியியல் என எழுதிக்கொண்டேயிருந்தார்.

அவருடைய எழுத்து வாழ்வுக்குக் காலமும் துணை செய்தது. 1970களின் முற்பகுதியில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி இந்நாட்டிலே கட்டுப்படுத்தப்பட்டது. சென்னையிலிருந்து வாரந்தோறும் வந்த தொடர்கதைகளிலே பழகியிருந்த வாசகர்களுக்கு வாசிக்க ஏதேனும் வேண்டியிருந்தது. அவ்வேளையில் வீரகேசரி நிறுவனம் ஈழத்து எழுத்தாளர்களின் நாவல்களை மலிவு விலையில் வெளியிடலாயிற்று. ‘வாடைக்காற்று’ 1973 இல் அவ்வரிசையிலே வெளிவந்தது. அதுவரை அடையாற்றிலும் மெரீனாக் கடற்கரையிலும் காதலர்களைச் சந்தித்துவந்த நம் வாசகர்கள், தம்முடைய கடற்கரையிலேயே காதலர்களைச் சந்தித்தார்கள்.

இனி, அவருடைய எழுத்து முறைக்கு வருவோம்.

எங்கள் தீவுகளிலே காற்று என்பது ஒரு பொதுச்சொல் அன்று. வடக்கிலிருந்து வருவது வாடை. தென்மேற்கிலிருந்து வருவது சோளகம். மேற்கிலிருந்து வருவது கச்சான். ஒவ்வொன்றுக்கும் ஒரு பருவம் உண்டு. வாடை வீசும் மாதங்களிலே ஒரு கரை கொந்தளிக்கும். மற்றொரு கரை அடங்கும். மீனும் அதற்கேற்பவே இடம் பெயரும். மீனைத் தேடி மீனவரும் இடம் பெயர்வர். சம்மாட்டியார் தம் ஆட்களோடும் வலைகளோடும் வள்ளங்களோடும் வேற்றூர்க் கரைக்கு வந்து, ஓலையால் வாடி அமைத்து, பருவம் முடியும்வரை அங்கே தங்குவர். காற்று மாறியதும் வாடியைப் பிரித்துக்கொண்டு புறப்பட்டுவிடுவர்.

இவ்வளவும் புவியியல், பொருளியல். ஆனால், நேயர்களே, இதனுள்ளே ஒரு காதற்கதை முழுவதும் அடங்கியிருப்பதைக் கவனியுங்கள். வேற்றூர் இளைஞர்கள் நான்கைந்து மாதங்கள் ஒரு தீவின் கரையிலே தங்குகிறார்கள். அத்தீவிலே இளம்பெண்கள் இருக்கிறார்கள். வந்தவர்களுக்கும் உள்ளூராருக்கும் தொழிலிலே போட்டி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, காற்று மாறும் நாள் ஒன்று வரவேண்டியிருக்கிறது. செமியோன், மரியதாஸ், நாகம்மா, பிலோமினா என்னும் பாத்திரங்களை ஆசிரியர் இக்களத்தினுள்ளே நடமாட விடுகிறார். அவர்கள் காதலிப்பதற்கு வேண்டிய தனிமையைத் தந்ததும் வாடைதான்; அவர்கள் காதலுக்குத் தவணை குறித்ததும் வாடைதான். தலைப்பில் உள்ள காற்றை நீக்கிவிட்டால் கதையே நடவாது.

இம்முறை புதியதா? அன்று. தமிழ் கற்றோர்க்கு இது மிகப் பழைய முறை. தொல்காப்பியர் அகப்பாட்டின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தார். முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். கருப்பொருள் என்பது அந்நிலத்துக்குரிய உணவு, பறவை, தொழில் முதலியன. உரிப்பொருள் என்பது மாந்தர்தம் உள்ளத்து ஒழுக்கம். கடலும் கடல் சார்ந்த நெய்தல் நிலத்துக்கு உரிப்பொருள் இரங்கல். இரங்கல் என்றால் வெறும் அழுகை அன்று. கரையிலே நின்று, போனவரை எண்ணி வருந்துதல். பத்துப்பாட்டிலே ஒன்று வாடையின் பெயரையே தாங்கி ‘நெடுநல்வாடை’ என நிற்கிறது. பிரிந்தோரை வாட்டும் காற்று அது என்பதைத் தமிழ்ப் புலவர் ஈராயிரம் ஆண்டளவில் அறிந்திருந்தனர்.

செங்கை ஆழியான் தொல்காப்பியத்தை முன்னே விரித்து வைத்துக்கொண்டு நாவல் எழுதினார் என்று நான் கூறவில்லை. ஆனால் புவியியல் கற்ற ஒருவர், நிலத்தையும் பொழுதையும் முதலில் நோக்கி, அவற்றிலிருந்து தொழிலை நோக்கி, தொழிலிலிருந்து மனிதரை நோக்கி வந்தபோது, நம் முன்னோர் வகுத்த அதே வரிசையிலே வந்து சேர்ந்தார் எனலாம். நம் காலத்துக் காதற்கதைகளிற் பல இவ்வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்கின்றன. காதலை முதலில் வைத்துக்கொண்டு, அதற்குப் பின்னால் ஒரு பூங்காவையோ ஒரு மழையையோ திரைச்சீலைபோலத் தொங்கவிடுகின்றன. அங்கே மழை பெய்யாவிட்டாலும் கதைக்கு ஒரு குறையும் நேராது.

பிற மொழிகளிலும் இதற்கு எடுத்துக்காட்டுகள் உண்டு. பிரான்சியக் கடற்படை அதிகாரியான பியர் லோட்டி 1886 இல் ஐஸ்லாந்து மீனவனைப் பற்றி ஒரு நாவல் எழுதினார. பிரித்தானிப் பிரதேசத்து மீனவர் ஆண்டுதோறும் வடகடலுக்குப் போய்வரும் வழக்கமே அதன் ஆதாரம். திரும்பி வராத ஒருவனுக்காகக் கரையிலே காத்திருக்கும் பெண்ணே அதன் நாயகி. கேரளத்திலே தகழி சிவசங்கரப் பிள்ளை 1956 இல் ‘செம்மீன்’ எழுதினார். சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பினால் அது தமிழருக்கும் உரியதாயிற்று. அங்கே கடலம்மை பற்றிய நம்பிக்கை காதலின்மேல் வந்து மோதுகிறது; நெடுந்தீவுக் கதையிலே பருவமும் பிழைப்பும் மோதுகின்றன. கரைகள் வேறானாலும், கடலை அறியாதவர் கடற்கரைக் காதலை எழுத முடியாது என்ற உண்மை ஒன்றே.

செங்கை ஆழியானின் பிற நாவல்களிலும் இம்முறையைக் காணலாம். தாம் கற்ற பேராதனையையும் மகாவலிக் கரையையும் கொண்டு ‘கங்கைக்கரையோரம்’ என்னும் காதல் நாவலை எழுதினார். வன்னி நிலத்தை அறிந்தபோது ‘காட்டாறு’ பிறந்தது. அது காதற்கதை அன்று; காட்டையும் காணியையும் ஏழைகளிடமிருந்து கவர்வோர் பற்றியது. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடல் நடுவிலே நிற்கும் கோட்டையைக் கொண்டு ‘கடற்கோட்டை’ என்னும் சரித்திர நாவலை ஆக்கினார். உத்தியோகத்தையும் எழுத்தையும் இரு வேறு உலகங்களாக அவர் கொள்ளவில்லை. பலருக்கு இடமாற்றம் என்பது முறைப்பாட்டுக்குரிய விடயம். அவருக்கோ அது அடுத்த நாவலின் களம்.

குறைகளும் இல்லாமலில்லை. நிறைய எழுதியவர்க்கு நேரும் அவசரம் அவர் எழுத்திலும் ஆங்காங்கே தென்படும். சில சம்பவங்கள் கதையின் தேவைக்காக விரைந்து வந்து நிற்கும். ஆயினும் நிலம் பொய்யாகாமையால், அதன்மேல் நிற்கும் மனிதரையும் நாம் நம்பிவிடுகிறோம். ‘வாடைக்காற்று’ 1978 இல் பிரேம்நாத் மொறாயஸ் அவர்களின் நெறியாள்கையிலே திரைப்படமாயிற்று. அதன் திரைக்கதை, உரையாடல் ஆக்கத்திலே எங்கள் தீவகத்தவரான காவலூர் இராசதுரையும் பங்குகொண்டார் என்பது எமக்கு மகிழ்ச்சி தருவது.

நேயர்களே, இங்கே என்னுடைய ஒரு தவற்றை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். கல்வேலி ஓரத்திலே ஒளிந்திருந்து நாவல் படித்த நானே, ஆசிரியனானபின், மாணவி ஒருத்தியின் மேசைக்குள்ளிருந்த காதல் நாவலைப் பறித்து அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். காதற்கதை பிள்ளைகளைக் கெடுக்கும் என்று அன்று உறுதியாக நம்பினேன். அப்பிள்ளை அதன்பின் பாடநூல் தவிர வேறெதையும் என் முன்னே திறந்ததில்லை. பரீட்சையிலே சித்தியடைந்தாள், ஆனால் கட்டுரை எழுதச் சொன்னால் ஒரு பக்கத்துக்கு மேல் அவள் பேனா நகராது. அதற்குப் பொறுப்பாளி நானே என்பதை உணரப் பல ஆண்டுகள் சென்றன.

அண்மையிலே என் பாடசாலையில் ஒரு சிறுகதைப் போட்டி நடத்தினோம். உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி எழுதிய கதை சென்னையிலே நடந்தது. காதலர்கள் கடற்கரையிலே சுண்டல் உண்டார்கள். அவளை அழைத்து, “பிள்ளை, சென்னை பார்த்திருக்கிறாயா?” என்று கேட்டேன்.

“இல்லை சேர். படத்திலதான்.”

“நம்முடைய தீவைப் பற்றி எழுதினால் என்ன?”

“எங்கட தீவில கதை எழுத என்ன சேர் இருக்கு? குதிரையும் கல்வேலியும் பனையுந்தானே!”

நான் விவாதிக்கவில்லை. ‘வாடைக்காற்று’ நாவலை அவள் கையிலே கொடுத்தேன். இம்முறை அட்டை போடச் சொல்லவில்லை. பத்து நாள் கழித்துத் திரும்பக் கொண்டுவந்தாள். கதை பிடித்ததா என்று கேட்டேன். அவள் அதற்கு விடை கூறாமல் வேறொன்றைக் கேட்டாள்.

“காத்து மாறினாப் பிறகு வாடிக்காரர் போயிடுவினம். கரையில நிக்கிறவை என்ன செய்யிறது, சேர்?”

நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்று ஆண்டுதோறும் கரும்பலகையிலே எழுதி வந்தவன் நான். அதன் பொருளை அப்பிள்ளையின் வினாவிலேதான் முழுமையாக உணர்ந்தேன். ஏனெனில், அவள் கேட்டது நாகம்மாவைப் பற்றி மட்டும் அன்று. 1990 ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் தீவகத்து ஊர்கள் பலவற்றிலே வீடுகள் பூட்டப்பட்டன. சென்றவர்களிற் பலர் கொழும்பிலும் கனடாவிலும் பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் வேரூன்றிவிட்டனர். இன்றும் குறிகட்டுவான் இறங்குதுறையிலே கையசைத்து நிற்கும் ஓர் இளைஞனையோ ஒரு யுவதியையோ நான் காணாத மாதம் இல்லை. பருவத்துக்கு வந்து பருவத்துக்குப் போன வாடிக்காரரின் இடத்தை, விசாவுக்குக் காத்திருந்து விமானம் ஏறுவோர் பிடித்துக்கொண்டனர். கரையிலே நிற்போரின் நிலை மட்டும் மாறவில்லை.

ஆகவே, அவளுக்கு நான் விடை கூறவில்லை. “அதனைத்தான் நீ எழுத வேண்டும்” என்றேன். “முதலில் காதலை எழுதாதே. உன் அம்மம்மாவிடம் காற்றுகளின் பெயரைக் கேள். இறங்குதுறைக்குப் போய், யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று பார். எந்த நாளிலே, எதன் பொருட்டுப் போகிறார்கள் என்று குறித்துக்கொள். இன்றைய தீவுக்கு வாடை எது என்று கண்டுபிடி. பிறகு உன் காதலர்கள் தாமாகவே வந்து சேர்வார்கள்” என்றேன்.

இப்போது அவளிடம் ஒரு கொப்பி இருக்கிறது. முதல் நான்கு பக்கங்களில் ஒரு காதலனும் இல்லை. வள்ளம் வரும் நேரங்களும், அம்மம்மா சொன்ன காற்றின் பெயர்களும், ஆளில்லாத வீடுகளின் கணக்கும் இருக்கின்றன. ஐந்தாம் பக்கத்தில் யார் வரப்போகிறார் என்பதை அவள் எனக்கும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

காதற்கதை எழுத விரும்பும் இளைஞர்கள் இவ்வானொலியைக் கேட்டுக்கொண்டிருப்பின், அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுவே. உங்கள் உள்ளத்தை நோக்குமுன், உங்கள் ஊரை நோக்குங்கள். அங்கே எக்காற்று வீசுகிறது, அது எவரைக் கொண்டுவருகிறது, எவரைக் கொண்டுபோகிறது என்று அறியுங்கள். செங்கை ஆழியான் தம் எழுத்து வாழ்வினால் நமக்குக் காட்டிச் சென்ற வழி அது.