ஒரு சாண் இடம் போதும், மவுஸ் ஓடும்

(இ-சேவை மையப் பணியாளர்களும் பொதுமக்களும் கலந்துகொண்ட பயிற்சிக் கூட்டத்தில், மையம் நடத்தும் பெண் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



இன்னைக்கு நான் பேசப் போறது ரொம்பச் சின்ன விஷயம். உள்ளங்கையில் அடங்குகிற மவுஸ் பற்றித்தான். ஆவணத்தில் ‘சுட்டி’ என்று எழுதுகிறோம், வாயில் வருவது மவுஸ்தான். அப்படியே சொல்லிடறேன்.

இதைப் பற்றிப் பேச என்ன இருக்கு என்று நினைப்பீங்க. எனக்கு நடந்ததைச் சொல்றேன்.

என் மையம் ஒரு சின்னக் கடை. ஒரே ஒரு மேசை. அதில் மானிட்டர், கீபோர்டு, பிரிண்டர், ஸ்கேனர், கைரேகைக் கருவி எல்லாம் இருக்கணும். மிச்சம் இருந்த இடத்தில் விண்ணப்பக் கட்டு, ஸ்டேப்ளர், தண்ணி பாட்டில். மவுஸுக்கு மட்டும்தான் இடம் இல்லை. பிரிண்டருக்கும் கீபோர்டுக்கும் நடுவில் ஒரு சந்து மாதிரி இருக்கும். அதில்தான் அதை ஓட்டுவேன்.

ஒரு நாள் ஒரு பெரியவர் வந்தார். பேத்தியின் கல்லூரிச் சேர்க்கைக்கு வருமானச் சான்று வேணும். கூட்டம் அதிகம். மாவட்டம் போட்டேன், வட்டம் போட்டேன், வருவாய்க் கிராமப் பட்டியலைத் திறந்தேன். ஊர்ப் பெயர் மேல் கர்சரைக் கொண்டு வரும்போது மவுஸ் பிரிண்டரில் இடித்தது. தூக்கி வைத்து அழுத்தினேன். தூக்கி வைத்ததில் கர்சர் ஒரு வரி கீழே இறங்கியிருந்தது. நான் கவனிக்கவில்லை. பக்கத்துக் கிராமத்தின் பெயரோடு விண்ணப்பம் போய்விட்டது.

சில நாளில் அது நிராகரிக்கப்பட்டு வந்தது. பெரியவர் கூலி வேலையை விட்டுவிட்டு மறுபடி வந்தார். திட்டவில்லை. “ஏம்மா, நம்ம ஊர் பேரு உனக்குத் தெரியாதா?” என்று மட்டும் கேட்டார். “தெரியுங்க ஐயா, தப்பு என்னுதுதான்” என்றேன். அன்னைக்கு ராத்திரி கடையைச் சாத்திவிட்டு ஸ்கேலை எடுத்து மேசையை அளந்தேன். அந்த அளவையிலிருந்து நான் கற்றுக்கொண்டதுதான் இந்தப் பேச்சு.

எவ்வளவு இடம் வேணும்?

மவுஸின் அடியில் ஒரு சின்ன விளக்கும் ஒரு சின்னக் கேமராவும் இருக்கு. அது மேசைப் பரப்பை விநாடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் படம் பிடிக்குது. முந்தைய படத்தையும் இந்தப் படத்தையும் ஒப்பிட்டு, கை எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்று கணக்குப் போடுது. ஒரு அங்குலம் நகர்த்தினால் எத்தனை புள்ளி எண்ணும் என்பதுதான் டிபிஐ. மவுஸ் டப்பாவில் 800, 1000, 1600 என்று போட்டிருப்பாங்களே, அதுதான்.

இப்போ கணக்கு. 1920 புள்ளி அகலமுள்ள திரை. 800 டிபிஐ மவுஸ். வேகம் நடுவில் வைத்திருக்கு. கர்சர் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் போக 1920-ஐ 800-ஆல் வகுங்க. 2.4 அங்குலம், அதாவது சுமார் 6 செ.மீ. அதே திரையில் 1600 டிபிஐ என்றால் 3 செ.மீ. போதும். மவுஸின் அகலம் ஏறக்குறைய 6 செ.மீ. இரண்டையும் கூட்டினாலும் 12 செ.மீ. ஒரு சாணில் பாதியை விடக் கொஞ்சம்தான் அதிகம்!

அப்போ என் பிரச்சினை இடம் இல்லாதது மட்டும் இல்லை. இருந்த இடத்தில் மவுஸ் சரியாக ஓடவில்லை. காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் பரப்பு

என் மேசையில் கண்ணாடி போட்டிருந்தேன். கேமராவுக்குப் பிடிமானம் வேணும், அதாவது சொரசொரப்பு, புள்ளி, நூலிழை என்று ஏதாவது தெரியணும். சுத்தமான கண்ணாடியில் எதுவும் தெரியாது. பளபளக்கிற சன்மைக்காவில் வெளிச்சம் எதிரொலித்துக் குழப்பும். அதனால்தான் கர்சர் குதிக்குது, நிற்குது, தானாக நகருது. மவுஸ் கெட்டுப்போச்சு என்று புதுசு வாங்குவோம். அதுவும் குதிக்கும்.

தீர்வுக்குச் செலவே இல்லை. பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம் மங்கலாக, லேசான சொரசொரப்போடு இருக்கும். நம்ம சந்தின் அளவுக்கு வெட்டி, நாலு மூலையிலும் டேப் ஒட்டிடுங்க. கடையில் வாங்கிய மவுஸ் பேடு பெரிசாக இருந்தால் அதையும் கத்தரியால் வெட்டலாம், தப்பில்லை.

வாரம் ஒரு முறை கணினியை அணைத்துவிட்டு மவுஸைத் திருப்பிப் பாருங்க. விளக்கு இருக்கும் குழியில் ஒரு முடி சிக்கியிருந்தாலே கர்சர் ஆடும். காய்ந்த பஞ்சால் துடைக்கணும். அடியில் இருக்கும் வழுக்குப் பட்டைகளில் அழுக்கு ஏறியிருந்தால் நகத்தால் சுரண்டி எடுத்துடுங்க.

அடுத்தது வேகம்

விண்டோஸில் ஸ்டார்ட் பட்டனை அழுத்தி ஆங்கிலத்தில் மவுஸ் என்று தட்டினால் மவுஸ் செட்டிங்ஸ் வரும். அதில் பாயின்டர் ஸ்பீடு என்று ஒரு கோடு இருக்கும். வலப்பக்கம் தள்ளினால் வேகம் கூடும். ஒரேயடியாகத் தள்ளாதீங்க. கர்சர் இலக்கைத் தாண்டி ஓடும், தப்பு இன்னும் கூடும். ஒரு படி ஏற்றி, ரெண்டு மூணு நாள் கை பழகட்டும். அப்புறம் அடுத்த படி.

கூடவே ‘என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்’ என்று ஒரு டிக் பெட்டி இருக்கும். அது இருந்தால், கையை வேகமாக வீசும்போது கர்சர் தூரம் போகும், மெதுவாக நகர்த்தும்போது கொஞ்சமாக நகரும். கேம் விளையாடுகிற பசங்க அதை எடுத்துவிடச் சொல்வாங்க. அவங்க தேவை வேற. சின்ன இடத்தில் படிவம் நிரப்புகிற நமக்கு அது இருப்பதே நல்லது. திரையைக் கடக்க ஒரு வீச்சு, பட்டியலில் ஊர் தேட மெதுவான நகர்வு, ரெண்டும் கிடைக்கும்.

‘ஸ்னாப் டு’ என்று இன்னொன்று இருக்கும். பெட்டி ஒன்று திறந்ததும் கர்சரை அதன் முக்கியப் பட்டன் மேல் தானாகக் கொண்டுபோய் நிறுத்தும். வசதிதான். ஆனால் அவசரத்தில் படிக்காமலே அழுத்திவிடுவோம். பொதுமக்கள் வேலை செய்யும் இடத்தில் அது வேண்டாம் என்பது என் கருத்து.

கம்பியும் கம்பியில்லாததும்

மவுஸின் கம்பி மானிட்டர் பின்னால் இறுகி மாட்டியிருந்தால் ஒவ்வொரு நகர்வும் இழுபறிதான். ஒரு சாண் நீளத்தைத் தளர்வாக விட்டு, மீதியை மேசை ஓரத்தில் டேப் போட்டு ஒட்டுங்க.

கம்பியில்லா மவுஸ் திக்கித் திக்கி ஓடினால் முதலில் பேட்டரியை மாற்றுங்க. அதற்கும் சரியாகாவிட்டால் அதன் ரிசீவர் எங்கே சொருகியிருக்கு என்று பாருங்க. கணினியின் பின்பக்கம், நீல நிற யுஎஸ்பி 3 துளையில் பென்டிரைவோ ஹார்டு டிஸ்கோ வேலை செய்யும்போது, அதன் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைக் குழப்பும். ரிசீவரை முன்பக்கத் துளைக்கு மாற்றினாலே பாதிப் பிரச்சினை போயிடும்.

இடது கைக்கு மாற்றிப் பாருங்க

நான் செய்ததில் பெரிய மாற்றம் இதுதான். முழு கீபோர்டின் வலது ஓரத்தில் எண் விசைகள் இருக்கு. அதனால் மவுஸ் இன்னும் வலப்பக்கம் தள்ளிப்போகுது. எண் விசை இல்லாத கீபோர்டு வாங்கினால் இடம் மிச்சமாகும். ஆனால் ஆதார் எண் 12 இலக்கம், கைபேசி எண் 10, அஞ்சல் குறியீடு 6 என்று நாள் பூரா எண் தட்டும் நமக்கு அது கட்டுப்படியாகாது.

அதனால் மவுஸை இடப்பக்கம் கொண்டு போனேன். செட்டிங்ஸில் முதன்மைப் பட்டனை வலதாக மாற்றலாம். எனக்கு அது தேவைப்படவில்லை. முதல் வாரம் கை நடுங்கிச்சு. மூணாவது வாரத்தில் இடது கை மவுஸ், வலது கை எண் விசை என்று வண்டி ஓட ஆரம்பிச்சது. பிரிண்டர் இருந்த இடத்திலேயே இருக்கு. முதலில் கூட்டம் இல்லாத நேரத்தில் பழகுங்க. விண்ணப்பதாரர் முன்னால் பழக வேண்டாம்.

இதுவும் ஒத்துவராவிட்டால் டிராக்பால் என்று ஒன்று உண்டு. மவுஸ் நகரவே நகராது. மேலே இருக்கும் பந்தை விரலால் உருட்டணும். மவுஸ் அளவுக்கு இடம் இருந்தால் போதும். இது புதுசும் இல்லை. 1950-களின் தொடக்கத்திலேயே கனடா கடற்படைக்காகச் செய்து பார்த்திருக்காங்க. டக்ளஸ் எங்கல்பார்ட் மவுஸை 1968 டிசம்பர் 9-இல் சான் பிரான்சிஸ்கோவில் மேடையேற்றியது அதற்குப் பிறகுதான். விலை சாதா மவுஸை விடக் கூடுதல் என்பதால், மற்ற வழிகளைப் பார்த்துவிட்டுக் கடைசியாக யோசிங்க.

மவுஸைக் குறைத்துத் தொடுங்க

பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-இல் ஒரு விதியைச் சொன்னார். இலக்கு பெரிசாகவும் பக்கத்திலும் இருந்தால் கை சீக்கிரம் போய்ச் சேரும், சின்னதாகவும் தூரத்திலும் இருந்தால் நேரமாகும். கல்லை அண்டாவில் போடுவதும் செம்பில் போடுவதும் ஒன்றா? திரையிலும் அதே கதைதான். பிரவுசரில் கன்ட்ரோலும் பிளஸ் விசையும் அழுத்தினால் பக்கம் பெரிசாகும். எழுத்தும் பட்டனும் பெருத்துவிடும், பக்கத்துப் பெயரைத் தொடும் ஆபத்து குறையும்.

டேப் விசை அடுத்த கட்டத்துக்குப் போகும். ஷிஃப்ட்டும் டேப்பும் சேர்த்தால் முந்தைய கட்டத்துக்கு வரும். டிக் பெட்டிக்கு ஸ்பேஸ் பார். பெரும்பாலான பட்டியல்களில் ஊர்ப் பெயரின் முதல் சில எழுத்தைத் தட்டினாலே அந்த இடத்துக்குப் போய் நிற்கும். ஆனால் ஒரு எச்சரிக்கை: பட்டியல் தேர்வில் இருக்கும்போது பக்கத்தைக் கீழே நகர்த்துவதாக நினைத்து கீழ் அம்பு விசையை அழுத்தினால், தேர்ந்தெடுத்த பெயரே மாறிவிடும். முதலில் டேப் அடித்து வெளியே வந்துடுங்க.

நடு வேலையில் மவுஸ் செத்துப்போனால் பதறாதீங்க. இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், நம்லாக் மூன்றையும் சேர்த்து அழுத்தினால், எண் விசைகளாலேயே கர்சரை நகர்த்தலாமா என்று விண்டோஸ் கேட்கும். ஆமாம் என்றால், 5 என்ற விசை கிளிக் ஆகும். கையில் இருக்கும் விண்ணப்பத்தை முடித்துவிட்டு, அதே மூன்று விசையால் அணைத்துடுங்க.

கை வலி வந்தால் அலட்சியம் வேண்டாம். குறுகிய இடத்தில் மணிக்கட்டு மட்டும் பக்கவாட்டில் வளைந்து வேலை செய்யும். முன்கை மேசை மேல் தங்கட்டும், அப்பப்போ கையை உதறி விடுங்க. விரல் மரத்துப்போவது தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்க.

செல்போன் வைத்திருக்கும் பொதுமக்களுக்கு

உங்களுக்கும் ரெண்டு வார்த்தை. கைபேசியின் டச் உடைந்து, ஓடிபி கூடப் பார்க்க முடியாமல் தவிப்பவங்க உண்டு. திரையில் படம் தெரிந்தால் போதும். ஓடிஜி என்று கேட்டால் கடையில் ஒரு சின்ன இணைப்பான் தருவாங்க. அதில் சாதா யுஎஸ்பி மவுஸைச் சொருகினால் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் கர்சர் வரும். பேட்டர்ன் போட்டுத் திறக்கலாம், படங்களையும் எண்களையும் காப்பாற்றலாம்.

மையத்துக்கு வரும்போது உங்கள் வட்டம், வருவாய்க் கிராமம், அஞ்சல் குறியீடு மூன்றையும் போனில் தட்டி வைத்துக்கொண்டு வாங்க. சமர்ப்பிக்கும் முன் “ஒரு தடவை வாசிச்சுக் காட்டுங்க” என்று கேளுங்க. கேட்பது உங்கள் உரிமை, நாங்க கோவிச்சுக்க மாட்டோம். கோவிச்சாலும் கேளுங்க!

அந்தப் பெரியவருக்கு மறுபடி விண்ணப்பம் போட்டபோது திரையை அவர் பக்கம் திருப்பினேன். கன்ட்ரோல் பிளஸ் நாலு தடவை அழுத்தி எழுத்தைப் பெரிசாக்கினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, ஊர்ப் பெயர் மேல் விரலை வைத்து “இதுதாம்மா” என்றார். அப்புறம்தான் அழுத்தினேன். சான்று வந்தது, பேத்தி கல்லூரியில் சேர்ந்துவிட்டாள்.

அன்னையிலிருந்து எங்க கடையில் அதுதான் வழக்கம். திரை முதலில் உங்கள் பக்கம் திரும்பும், பிறகுதான் கிளிக். இன்னைக்கு வீட்டுக்கோ கடைக்கோ போனதும் ஒரு ஸ்கேலை எடுத்து, உங்க மவுஸ் எவ்வளவு தூரம் ஓடுது என்று அளந்து பாருங்க.