வேறுபாடு குருதியில் இல்லை



அமெரிக்காவில் கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறக்கும் கறுப்பினப் பெண்களின் விகிதம் வெள்ளையினப் பெண்களினும் மிகுதி. அறுவையால் கருப்பை அகற்றப்பட்டோர்க்கு இந்நோய் வரும் வாய்ப்பு அரிது. அவர்களைக் கணக்கினின்று நீக்கி 2017இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. இலட்சம் பெண்களுக்கு 5.7 என்றிருந்த கறுப்பினத்தார் இறப்பு 10.1 ஆயிற்று, வெள்ளையினத்தார் இறப்பு 3.2இலிருந்து 4.7 ஆயிற்று.

"அவ்வினத்தாரின் குருதியிலேயே குறை உளதோ?" எனச் சிலர் ஐயுறலாம். அதற்கு 2001ஆம் ஆண்டின் ஆய்வொன்று விடை கூறுகிறது. அமெரிக்க இராணுவ மருத்துவ அமைப்பில் படைவீரர் குடும்பத்தார் யாவர்க்கும் ஒத்த சிகிச்சை கிடைக்கிறது. அங்குச் சிகிச்சை பெற்ற இருவினப் பெண்களும் உயிர் பிழைத்திருந்த அளவில் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை.

ஆகவே, வேற்றுமையை விளைப்பவை காப்பீடின்மை, மருத்துவமனையின் தொலைவு, காலங்கடந்து நோயறிதல், சிகிச்சை முழுமையாகக் கிட்டாமை ஆகியவையே.

இந்நோய்க்குக் காரணமான பாப்பிலோமா வைரஸ் இனம் பார்ப்பதில்லை. தொற்று புற்றாக மாறப் பெரும்பாலும் பத்தாண்டுகளுக்கு மேலாகும். அந்த இடைவெளியே உயிர் காக்கும் வாய்ப்பு. முப்பது வயது முதல் பெண்கள் பரிசோதனை செய்துகொள்ள உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

தாய்மார்களே, நம் இல்லங்களில் தடையாய் நிற்பது நாணமாகவும் இருக்கலாம். மாமியார் மருமகளையும், மகள் தாயையும் பரிசோதனைக்கு உடன் அழைத்துச் செல்லுங்கள். தனியே செல்லத் தயங்கும் கால்கள் துணையிருந்தால் தயங்கா.