பாத மருத்துவக் கல்வியும் அடுப்படிக் கடமையும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கல்வியைப் பற்றிப் பேசும்போது நாம் நூலையும், கட்டணத்தையும், உதவித்தொகையையும், மதிப்பெண்ணையும் பற்றியே பேசுகின்றோம். வீட்டில் உலை வைப்பவர் யார் என்று கேட்பதில்லை. ஆனால் நெடிய படிப்பொன்றைத் தொடங்கியவர் அதனை முடிப்பதும் இடையில் விடுவதும் பல வேளைகளில் அக்கேள்வியின் விடையைப் பொறுத்தே அமைகின்றன. இதனை விளக்க, ‘பொடியாட்ரி’ எனப்படும் பாத மருத்துவக் கல்வியை இன்று எடுத்துக்கொள்வோம்.

மனித உடலின் 206 எலும்புகளுள் 52 எலும்புகள் இரு பாதங்களில் மட்டுமே உள்ளன. ஏறத்தாழக் கால் பங்கு! அத்தகைய உறுப்பை நாம் எவ்வளவு எளிதாக எண்ணிவிடுகின்றோம்! இந்தியாவில் நீரிழிவு உடையோர் 10 கோடிக்கு மேற்பட்டவர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023ஆம் ஆண்டில் தெரிவித்தது. நீரிழிவு முற்றினால் பாதம் உணர்விழக்கும். முள் தைத்தாலும் தெரியாது. சிறு புண் பெரும் புண்ணாகிக் காலையே இழக்க நேரிடும்.

உணர்விழந்த பாதத்தின் இயல்பை உலகிற்கு விளக்கியதில் நம் வேலூருக்குப் பெரும் பங்குண்டு. கொல்லிமலையில் 1914இல் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் பாதப்புண் சதை தானே அழுகுவதால் வருவதன்று. வலி தெரியாத கால் அழுத்தத்தாலும் பொருந்தாத காலணியாலும் காயப்படுவதால் வருவது என்று அவர் எடுத்துக்காட்டினார். மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு அத்தகையோர்க்குக் காப்பாயிற்று. செருப்புத் தைத்த கைகளை இழிவென்று ஒதுக்கிய நாட்டில், செருப்பே மருந்தாகிய வரலாறு இது. நம் இளைஞர்கள் இதனை மறத்தலாகாது.

இனி, கல்விக்கு வருவோம். அமெரிக்காவில் பாத மருத்துவர் ஆக விரும்புவோர் முதலில் கல்லூரிப் படிப்பை முடித்து, அதன்பின் பாத மருத்துவக் கல்லூரியில் நான்காண்டுகள் பயில வேண்டும். முதல் இரண்டாண்டுகளில் உடற்கூற்றியல், உடலியங்கியல், மருந்தியல் முதலிய அடிப்படைப் பாடங்கள். அவற்றின் முடிவில் தேசியத் தேர்வின் முதற்பகுதி. அடுத்த இரண்டாண்டுகளில் நோயாளிகளிடையே பயிற்சி. பட்டம் பெற்றபின் மருத்துவமனையில் மேலும் மூன்றாண்டு உறைவிடப் பயிற்சி. ஆக ஏழாண்டுகள்! இருபத்திரண்டு வயதில் தொடங்கினால் இருபத்தொன்பதில் முடியும். மணம், மகப்பேறு, பெற்றோர் முதுமை ஆகிய அனைத்தும் வந்து சேரும் பருவமும் அதுவே அன்றோ?

அங்கே தாயும் இல்லை. சமைத்துத் தர உறவினரும் இல்லை. நாள்தோறும் கடையில் உண்டால் கைப்பொருள் கரையும், உடலும் கெடும். ஆதலின் படிப்பிற்கு அட்டவணை போடுவது போன்றே அடுப்படிக்கும் அட்டவணை போட வேண்டும். ஞாயிறும் புதனும் சமையல் நாள்கள் என வகுத்து, பருப்பு, கொண்டைக்கடலைக் குழம்பு, இரண்டு காய் ஆகியவற்றைச் சேர்த்துச் சமைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம். சமைத்தவற்றை மூன்று நான்கு நாள்களுக்கு மேல் வைத்தலாகாது. எஞ்சிய சோற்றை இரவெல்லாம் வெளியே விடாமல் இரண்டு மணி நேரத்திற்குள் உள்ளே வைத்துவிட வேண்டும்; இல்லையேல் நோய்க்கிருமி பெருகும். தேர்வு வாரத்தில் அரிசி, பருப்பு, காய் மூன்றையும் ஒரே குக்கரில் இட்டு இறக்கினால் போதும். மறுநாள் பயிற்சிக்குக் கொண்டுசெல்லும் உணவை முதல்நாள் இரவே கட்டிவைத்தல் நன்று.

இருவர் வாழும் வீடாயின், முதலில் வீடு திரும்புபவர் அரிசி களைய வேண்டும். ஒருவர்க்குத் தேர்வெனில் மற்றவர் அடுப்பை முழுதும் ஏற்க வேண்டும். தேர்வு முடிந்ததும் அக்கடனை அவர் திருப்பித் தர வேண்டும். எவ்வளவு நெருக்கடியிலும் நாளுக்கொரு வேளையேனும் சேர்ந்தமர்ந்து உண்ண வேண்டும். குடும்பத்தை ஒன்றாக வைத்திருப்பது அந்த ஒரு வேளையே.

சமையலைப் படிப்பின் பகையென்றும் கொள்ளற்க. நீரிழிவு நோயாளிக்கு அறிவுரை கூறும் பாத மருத்துவர், அவர் தட்டில் சோறு எவ்வளவு, காய் எவ்வளவு என்று கேட்டாக வேண்டும். அளந்து சமைத்துப் பழகியவர்க்கு அந்த அறிவுரை எளிதாகும். ஆனால் அச்சுமை ஒருவர் தலையிலேயே விழுமாயின் அது படிப்பை விழுங்கிவிடும்.

இந்திய அரசு 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு கூறுவதைக் கேளுங்கள். ஊதியமற்ற வீட்டுப் பணிகளில் ஈடுபட்டோருள் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடங்களையும், ஆண்கள் 97 நிமிடங்களையும் அதில் செலவிட்டனர். பெண்ணுக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம்! அந்த ஐந்து மணி நேரத்தை நாள்தோறும் இழக்கும் மாணவியையும் இழக்காத மாணவனையும் ஒரே தேர்வில் அமர்த்திவிட்டு, அவளுக்கு மதிப்பெண் குறைந்தால் அறிவு குறைவு என்கின்றோமே, இது முறையா?

அண்ணல் அம்பேத்கர் 1913இல் கொலம்பியாப் பல்கலைக்கழகம் சென்றார். பின்னர் இலண்டனில் பயின்றார். அக்காலத்தில் இங்கே வறுமையிடையே குடும்பத்தைத் தாங்கியவர் அன்னை ரமாபாய். பாகிஸ்தான் குறித்துத் தாம் எழுதிய நூலை அண்ணல் அவர் நினைவுக்கே உரிமையாக்கினார். அன்னையின் ஈகத்தை நாம் என்றும் போற்றுவோம். ஆனால் இன்று நம் மகள் படிக்கச் செல்கின்றாள். அவளுக்காக அடுப்படியில் நிற்கும் ரமாபாய் யார்? அவள் தந்தையும், தமையனும், கணவனும் அல்லரோ அவ்விடத்தில் நிற்க வேண்டியவர்கள்?

பாத மருத்துவமாயினும், செவிலியர் பயிற்சியாயினும், ஆசிரியப் பயிற்சியாயினும் நீதி ஒன்றே. சங்கம் உதவித்தொகை தரலாம். நேரத்தைத் தரவல்லது வீடு மட்டுமே. இளைஞர்களே, இன்றிரவு வீடு சென்றதும் உண்ட தட்டை நீங்களே கழுவுங்கள். நாளை தங்கை படிக்க அமரும் வேளையில் நீங்கள் உலை வையுங்கள். பெற்றோர்களே, மகனுக்கும் சமையல் கற்றுக்கொடுங்கள். அயலூரில் படிக்கச் செல்லும் நாளில் அதுவே அவனுக்குத் துணை நிற்கும்.